பேச்சு வராத பிள்ளையோடு பேசுவது எப்படி? படப் பலகை, சைகை, செயலி பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் பள்ளி வயது வந்த பிறகும் சில சொற்களுக்கு மேல் பேசுவதில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பேச்சு வரவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. வயிறு வலிக்கும், பயமாக இருக்கும், மாமா வீட்டுக்குப் போகப் பிடிக்காது, நேற்றுக் கேட்ட பாட்டை இன்னொரு தடவை கேட்கணும் போலிருக்கும். அதையெல்லாம் சொல்ல ஒரு வழி வேண்டும். ஸ்பீச் தெரபிக்கு வரும் பெற்றோர் இந்த வழிகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏஏசி, ஏஏசி என்கிறார்களே, அது என்ன?

ஆக்மென்டேடிவ் அண்ட் ஆல்டர்னேடிவ் கம்யூனிகேஷன் என்பதன் சுருக்கம். வாய்ப்பேச்சுக்குத் துணையாகவோ, பேச்சு வராத இடத்தில் அதற்குப் பதிலாகவோ உதவும் எல்லா வழிகளுக்கும் சேர்த்து வைத்த பெயர். கைச்சைகை, படம் ஒட்டிய பலகை, எழுத்துப் பலகை, தொட்டால் குரல் கொடுக்கும் டேப் செயலி எல்லாம் இதில் அடக்கம். ஒரே பிள்ளை மூன்று நான்கு வழிகளைக் கலந்து பயன்படுத்துவது இயல்பு. குளிக்கும்போது சைகை, வகுப்பில் டேப், பஸ்ஸில் கழுத்தில் தொங்கும் சின்ன அட்டை என்று இடத்துக்கு ஏற்ப மாறும்.

படத்தைக் காட்டப் பழகிவிட்டால் பேச்சே வராமல் போய்விடாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பல வீடுகளில் இந்த ஒரு பயத்தாலேயே வருடங்கள் வீணாகப் போகின்றன. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

2006இல் மில்லர், லைட், ஸ்லோசர் என்ற மூன்று ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏஏசி கொடுத்தபோது பேச்சு என்ன ஆனது என்று அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். நம்பிக் கணக்கிட முடிந்தது 27 பேரின் விவரங்களைத்தான். அவர்களில் 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 2008இல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுத் தொகுப்பும் இதே பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் பேச்சு கூடிய அளவு பெரும்பாலும் சிறியதுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டேப் வாங்கிக் கொடுத்தால் பையன் சரளமாகப் பேசிவிடுவான் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

2014இல் அமெரிக்காவில் கோனி கசாரி குழுவினர் 5 முதல் 8 வயது வரையான, மிகக் குறைவாகப் பேசும் 61 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் ஒரே தெரபி. ஒரு பிரிவுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே குரல் கொடுக்கும் கருவியும் கூட இருந்தது. கருவியோடு தொடங்கிய குழந்தைகள்தான் யாரும் தூண்டாமல் தாங்களாகவே சொல்ல வருவதில் முன்னே நின்றார்கள்.

ஏன் இப்படி? என் அனுபவத்தில், 'சொல்லு, சொல்லு, அம்மா சொல்லு' என்ற நெருக்கடி விலகியதும் பிள்ளைகளின் உடல் தளர்கிறது. டேப்பில் 'தண்ணி' என்று தொட்டால் ஒவ்வொரு முறையும் அதே குரல், அதே வேகம், அதே உச்சரிப்பு. நாம் சொல்லும்போது அவசரத்தில் ஒரு மாதிரியும் கோபத்தில் வேறு மாதிரியும் சொல்வோம். மாறாமல் கேட்கும் சொல்லைப் பிடித்துக்கொள்வது சில பிள்ளைகளுக்குச் சுலபம்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? முதலில் உட்காரக் கற்றுக்கொள்ளட்டும், கண்ணைப் பார்க்கட்டும் என்கிறார்களே?

இரண்டு வயதிலும் தொடங்கலாம். உட்கார்வதும் கண்ணைப் பார்ப்பதும் ஏஏசிக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கண்ணைப் பார்த்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்பது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கஷ்டம். பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் கேட்பதுதான் கெடும்.

என் மகள் பேசுகிறாளே! விளம்பர வசனம் முழுக்கச் சொல்வாள். அவளுக்கும் வேண்டுமா?

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்போம். அதை வெறும் சத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். சோப்பு விளம்பரம் சொன்னால் குளிக்கணும் என்று அர்த்தமாக இருக்கலாம். ஆனால் புதியவர்களுக்கு அது புரியாது. அவள் சொல்ல நினைப்பதை வேண்டிய நேரத்தில், எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பலகை உதவும். நன்றாகப் பேசும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலருக்குக்கூடக் கூட்டத்திலும் பதற்றத்திலும் பேச்சு நின்றுவிடும். அந்த நேரத்துக்கு ஃபோனில் டைப் செய்து காட்டுகிறார்கள். அதுவும் ஏஏசிதான்.

பெக்ஸ், கம்யூனிகேஷன் போர்டு, செயலி. எதில் தொடங்குவது?

பெக்ஸ் என்ற படப் பரிமாற்ற முறையை 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி போண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கினார்கள். பிள்ளை படத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துப் பொருளைப் பெறும். முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. அம்மா முறுக்கோடு எதிரில் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். 'என்ன வேணும்?' என்றுகூடச் சொல்லமாட்டார். பிள்ளை முறுக்குக்குக் கை நீட்டும் அந்த நொடியில், பின்னால் இருப்பவர் வாயே திறக்காமல் அந்தக் கையைப் படத்தின் பக்கம் கொண்டுபோய், எடுக்க வைத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைக்கச் செய்வார். அம்மா உடனே 'முறுக்கு!' என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். பின்னால் இருப்பவரின் உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட வேண்டும். இப்படி மொத்தம் ஆறு கட்டங்கள். பல வீடுகளில் பின்னால் ஆள் இல்லாமல், அம்மாவே 'படத்தைக் குடு, படத்தைக் குடு' என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். அப்போது அம்மா கேட்டால்தான் கொடுக்கணும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. தானாக வந்து சொல்வது என்ற விஷயமே காணாமல் போகிறது.

இன்னொருவரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுத்தர பெக்ஸ் நல்ல முறை. ஆனால் பல இடங்களில் அது கேட்டு வாங்குவதோடு நின்றுவிடுகிறது. பிஸ்கட், சிப்ஸ், பால், கார்ட்டூன். மூன்று வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே நான்கு படங்கள். அதனால் பல சொற்களின் படங்கள் ஒரே இடத்தில் இருக்கும் கம்யூனிகேஷன் போர்டையோ, அதாவது பலகையையோ, செயலியையோ கூடவே தொடங்கச் சொல்வேன். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று காத்திருக்க வேண்டியதில்லை.

போர்டில் என்னென்ன சொற்கள் வைப்பது?

பெரும்பாலான போர்டுகளில் பழம், காய், விலங்கு, வண்ணம் என்று பெயர்ச்சொற்கள்தான் நிறைந்திருக்கும். ஒட்டகச்சிவிங்கி படம் இருக்கும், 'போதும்' இருக்காது. ஒரு நாள் முழுக்க உங்கள் வீட்டில் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது சின்னச் சொற்கள்தான். வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, தா, பாரு, நிறுத்து, உதவி, பிடிக்கும், பிடிக்காது, முடிஞ்சது, என்ன, எங்கே, யாரு, நான், நீ, அது. இவற்றை உள்கருச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த இடத்துக்கும் எந்த வேளைக்கும் பொருந்தும். 'இன்னும்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்கும் ஆகும், ஊஞ்சலுக்கும் ஆகும், அப்பா பாடும் பாட்டுக்கும் ஆகும்.

இவற்றோடு அந்தப் பிள்ளைக்கே உரிய சொற்கள் வேண்டும். அக்கா பெயர், தெருநாயின் பெயர், பிடித்த பஸ்ஸின் எண், ஆச்சி வீட்டு ஊர். 'வலிக்குது', 'பயமா இருக்கு', 'சத்தம் ஜாஸ்தி' மூன்றும் கட்டாயம். உடல் உறுப்புகளின் பெயர்களும் அப்படித்தான், மறைவிடங்கள் உட்பட. இதைச் சொல்லும்போது பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். ஆனால் யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், அந்தச் சொல் பலகையில் இல்லாத பிள்ளையால் அதைச் சொல்லவே முடியாது.

சொற்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். விரல் இடத்தைப் பழகிக்கொள்ளும். 'வேண்டாம்' இன்று மேல் மூலையிலும் நாளை நடுவிலும் இருந்தால் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேட வேண்டிவரும்.

போர்டு செய்து கொடுத்துவிட்டோம். தொடவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

நீங்கள் தொடுகிறீர்களா? பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பேசும் குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்குமுன் ஏறத்தாழ ஒரு வருடம் வீட்டார் பேசுவதைக் கேட்கிறது. பலகையில் பேச வேண்டிய பிள்ளை, பலகையில் யாரும் பேசியே பார்த்ததில்லை. அதனால் முதல் சில மாதங்கள் அது உங்கள் பலகை.

தோசை வார்க்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். தட்டில் தோசை வைத்துவிட்டு 'சூடு' என்று சொல்லிக்கொண்டே பலகையில் அதைத் தொடுங்கள். பையன் தட்டைத் தள்ளினால், 'வேண்டாம்' என்று நீங்களே தொட்டுச் சொல்லித் தட்டை எடுத்துவிடுங்கள். அவன் நினைத்ததற்கு நீங்கள் சொல் கொடுக்கிறீர்கள். அடுத்த தோசைக்கு அடுப்புப் பக்கம் பார்க்கிறானா? 'இன்னும்' தொடுங்கள். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைக் காட்டி 'போதும்' தொடட்டும். நீங்கள் பேசும் வாக்கியம் முழுக்கத் தொட வேண்டாம், ஒரு சொல் இரண்டு சொல் போதும். 'இது என்ன? தொட்டுக் காட்டு' என்று பரீட்சை வைக்கக் கூடாது. பரீட்சை ஆரம்பித்த அன்றைக்கே பல பிள்ளைகள் பலகையைக் கண்டால் ஓடத் தொடங்கும்.

தொட்ட பிறகு சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு அது நீண்ட நேரமாகத் தெரியும். கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, விரலை அங்கே கொண்டுபோகப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் தேவை. இடையில் நாம் மறுபடி பேசினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எப்போது பலன் தெரியும் என்று கேட்பார்கள். சிலருக்கு இரண்டு வாரத்தில் ஒரு சொல் வரும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். பார்ப்பதே இல்லை என்று நினைத்த பிள்ளை ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவரும்.

தமிழா, ஆங்கிலமா?

வீட்டில் பேசும் மொழி. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரே மொழிதான் என்று சொல்லி, வீட்டையே உடைந்த ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சி கெடுகிறது என்று ஆய்வுகளில் தெரியவில்லை. பாட்டியோடு பேச முடியாத பலகையால் வீட்டில் பாதிப் பயன்தான்.

தமிழில் அமைக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, பேச்சுத் தமிழில் வையுங்கள். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் கேட்காது. செயலியில் குரலுக்கான இடத்தில் 'தண்ணி', 'வேணும்' என்றே டைப் செய்து, எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, வேற்றுமை உருபு. பிள்ளை 'அம்மா, ஸ்கூல், போ' என்று மூன்று படத்தைத் தொட்டால் 'அம்மாவோட ஸ்கூலுக்குப் போறேன்' என்று அர்த்தமா, 'அம்மா, ஸ்கூலுக்குப் போங்க' என்றா? நீங்கள் ஊகித்து முழு வாக்கியமாகச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். ஆரம்பத்தில் உருபைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். 'அம்மாவுக்கு', 'எனக்கு' மாதிரிச் சில வடிவங்களைப் பிறகு தனிக் கட்டமாகச் சேர்க்கலாம்.

செயலிகளில் எது நல்லது? செலவு எவ்வளவு ஆகும்?

சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ஆவாஸ் தமிழில் இருக்கிறது. தனிக் கருவியாகத் தொடங்கி, பிறகு டேப் செயலியானது. கட்டணச் செயலி. மும்பை ஐஐடியில் உருவான ஜெல்லோ இலவசம். எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது மூன்று: நீங்களே சொல் சேர்க்க முடிகிறதா, வீட்டுப் புகைப்படம் வைக்க முடிகிறதா, இணையம் இல்லாமல் ஓடுகிறதா.

அந்த டேப்பில் யூடியூப் வைக்காதீர்கள். அதில் பாட்டு வரும் என்று தெரிந்த பிள்ளை அதைப் பேசும் கருவியாகப் பார்க்காது. ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' போட்டால் செயலியை விட்டு வெளியே போக முடியாது.

காசு இல்லையென்றால் பேப்பரில் தொடங்குங்கள். ஸ்பெயினின் அராகோன் மாகாண அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஏ4 தாளில் கட்டம் போட்டு அச்செடுத்து லேமினேட் செய்தால் போர்டு தயார். டேப் இருக்கும் வீட்டிலும் இந்தத் தாள் வேண்டும். சார்ஜ் போகும், மழையில் நனையும், சர்வீஸுக்குப் போகும், அன்றைக்குப் பிள்ளை பேசாமல் இருக்க முடியாது.

நேரில் பார்த்துப் பயிற்சி பெற, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், கோட்டூர்புரம் வித்யாசாகரும் சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்த இடங்கள். மற்ற மாவட்டங்களில் இருப்பவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கேட்கலாம்.

கத்துகிறான், கையைக் கடித்துக்கொள்கிறான். இது அடங்கிய பிறகு ஏஏசி பார்க்கலாமா?

வரிசையை மாற்றுங்கள். 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் செய்த ஆய்வு இந்தத் துறையையே திருப்பியது. பாடம் கஷ்டமாக இருக்கும்போது அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, உதவி கேட்க ஒரு வாக்கியம் சொல்லித் தந்தார்கள். கவனம் வேண்டி அப்படிச் செய்த பிள்ளைக்கு, கவனத்தைக் கேட்கும் வாக்கியம். அந்த நடத்தை குறைந்தது. அதாவது, கத்தலுக்குப் பின்னால் என்ன செய்தி இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதே செய்திக்கு இன்னும் சுலபமான வழி கொடுக்க வேண்டும். கத்தினால் ஒரு நொடியில் கிடைப்பது, பலகையில் தொட்டால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் கிடைக்கும் என்றால் பிள்ளை கத்தத்தான் செய்யும்.

ஒன்று கவனியுங்கள். திடீரென்று கடிப்பதும் தலையை முட்டுவதும் புதிதாகத் தொடங்கினால் முதலில் பல், காது, வயிறு மூன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல்லின் வலியைச் சொல்ல வழியில்லாத பிள்ளையை 'பிஹேவியர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது பெரிய கொடுமை.

கலவரம் உச்சத்தில் இருக்கும்போது பலகையை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் பாடம் ஏறாது. அமைதியான நேரத்தில்தான் சொல்லித்தர முடியும்.

'வேண்டாம்' கற்றுக்கொண்டதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதையே தொடுகிறாள்!

நல்ல செய்தி. முதல் முறையாக அவள் சொல்லுக்கு ஒரு விளைவு கிடைத்திருக்கிறது. முதல் சில வாரங்கள் முடிந்த இடத்திலெல்லாம் அந்த 'வேண்டாம்'-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள். அது பலிக்கவில்லை என்றால் பழைய தள்ளுதலும் கடித்தலும் திரும்பிவிடும். மாத்திரை, ஊசி, ரோட்டில் கை பிடிப்பது மாதிரி விட்டுக்கொடுக்க முடியாதவை இருக்கும். அங்கே 'வேண்டாம்னு சொல்ற, எனக்குக் கேட்டுச்சு. மாத்திரை போட்டாகணும். தண்ணியோடவா, தேனோடவா?' என்று சொல்லுங்கள். கேட்காத மாதிரி நடந்துகொள்ளக் கூடாது.

'முதல்ல - அப்புறம்' அட்டையும் ஏஏசியா?

அது பிள்ளைக்கு நாம் சொல்வதற்கு. முதலில் குளியல், அப்புறம் ஊஞ்சல் என்று இரண்டு படம். அடுத்து என்ன என்று தெரியாமல் வரும் பதற்றம் இதில் நன்றாகக் குறையும். கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுவர் முழுக்க நாள் அட்டவணை ஒட்டிவிட்டு, பிள்ளை பேச ஒரு படம்கூட இல்லாத வீடுகளையும் வகுப்புகளையும் பார்க்கிறேன். அங்கே நாம் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளியில் டேப்பை அனுமதிக்க மறுக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துக்காட்டுங்கள். ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தகவல் தொடர்பு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்திலேயே பேச்சுக்குத் துணையான, மாற்றான முறைகள் சேர்ந்திருக்கின்றன. பேச்சில் சிரமம் உள்ளவர்களுக்கு இந்த முறைகளை ஊக்குவிப்பது கல்விக்கான அரசு நடவடிக்கைகளில் ஒன்று என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்பீச் தெரபிஸ்டிடம் ஒரு கடிதம் வாங்கி, இது விளையாட்டுப் பொருள் இல்லை, பிள்ளையின் குரல் என்று எழுதிக் கொடுங்கள். தண்டனையாக டேப்பைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். வகுப்பில் சும்மா சும்மா பொத்தானை அமுக்கிச் சத்தம் வைத்தால் சத்தத்தைக் குறைக்கலாம், கருவியை எடுக்கக் கூடாது.

கையைப் பிடித்துக்கொண்டால் டைப் செய்கிறான், கவிதையே எழுதுகிறான் என்கிறார்கள். அந்த முறை நல்லதா?

இதில் நான் வளைந்து கொடுக்கமாட்டேன். வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1970களில் தோன்றி 1990களில் அமெரிக்காவில் பரவிய முறை இது. உதவியாளர் கையையோ மணிக்கட்டையோ தாங்கிக்கொள்ள, பிள்ளை எழுத்துகளைத் தொடும். பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறு படமும் காட்டிச் சோதித்தார்கள். டைப் ஆனது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். அவர்கள் ஏமாற்றவில்லை, தங்கள் கை வழிநடத்துவது அவர்களுக்கே தெரியவில்லை. உதவியாளர் எழுத்துப் பலகையைக் காற்றில் பிடித்துக்கொண்டு தொடச் சொல்லும் முறைக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் இரண்டையுமே பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது.

தானாக, யார் தொடுதலும் இல்லாமல் டைப் செய்து பேசும் ஆட்டிசம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எழுத்தும் கீபோர்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உதவியாளருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் பிள்ளையால் சொல்ல முடிகிறதா?

தாத்தா பாட்டி, 'பாவம், கேக்காமலே குடுத்துடலாமே' என்கிறார்கள்.

அன்பில் சொல்கிறார்கள். அவர்களிடம் தெரபி விளக்கம் வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். காலைக் காப்பி நேரத்துப் பலகை பாட்டியின் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். பேரன் 'பாட்டி, வா' என்று முதல் தடவை தொட்ட பிறகு அந்த வீட்டில் யாரும் வாதாடுவதில்லை.

மகனுக்கு இருபத்திரண்டு வயது. இனிமேல் என்ன பிரயோஜனம்?

வயது வரம்பு கிடையாது. பெரியவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவருக்கு மூன்று வயதுப் பிள்ளையின் பலகையைக் கொடுக்காதீர்கள். வாத்துப் படமும் பலூன் படமும் அவருக்கு வேண்டாம். தனியா இருக்கணும், கதவைச் சாத்து, ஷேவிங், கடைக்குப் போகலாம், எவ்வளவு காசு, ஃபோன், யார் வர்றாங்க, எனக்கு உடம்பு சரியில்லை, என்னைத் தொடாதீங்க, அம்மாவைக் கூப்பிடுங்க. இந்தச் சொற்களில் தொடங்குங்கள். பர்ஸில் வைக்கும் அளவுக்கு ஒரு சின்ன அட்டையும் செய்யுங்கள். ஒரு பக்கம் 'எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, பேசச் சிரமம், கொஞ்சம் நேரம் கொடுங்கள்' என்று எழுதி, மறுபக்கம் 'ஆமாம்', 'இல்லை', 'உதவி', 'வீட்டுக்குப் போகணும்' படங்களை வையுங்கள். அடிக்கடி போகும் டீக்கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் நீங்கள் கூட நிற்கும்போதே அவர் அதை நீட்டிப் பழகட்டும்.